சிறு செதுக்கு யந்திரம் வாங்கலாமா?

எண்களின் ஆணைப்படி மரத்தைச் செதுக்கும் சிறு யந்திரமொன்றைப் பள்ளிக்கோ, கைத்தொழிற் பயிற்சி நிலையத்துக்கோ வாங்கலாமா என்னும் வினா இப்போது பல இடங்களிலும் எழுந்துள்ளது. மேசைமீது வைத்து இயக்கத்தக்க இந்தச் சி.என்.சி. யந்திரங்கள் ஏறத்தாழ 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் நம் நாட்டில் கிடைக்கின்றன. விளம்பரப் படங்களில் அவை மலர்க்கொடிகளையும் தெய்வ உருவங்களையும் அநாயாசமாகச் செதுக்கிக் காட்டுகின்றன. தலைமையாசிரியர் ஒருவரிடம் நிதியாண்டு முடிவதற்குள் செலவிட வேண்டிய 50,000 ரூபாய் இருக்கிறது. அல்லது கைவினைஞர் குழுவொன்று தன் சேமிப்பைக் குறிப்பிட்டுக் களப்பணியாளரிடம் யோசனை கேட்கிறது. இவ்விரு சந்தர்ப்பங்களிலும் ஒரே விடையைக் கூறுவது பொருந்தாது என்பது என் கருத்து. பள்ளி வாங்கலாம், சில நிபந்தனைகளுடன் வாங்குவது நன்றே. ஆனால் செதுக்கு வேலையால் பிழைக்கும் குடும்பம் இந்தச் சிறு யந்திரத்தில் தன் பணத்தைப் போடலாகாது. இதற்குரிய காரணங்களைக் கணக்கோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யந்திரத்தின் பூர்வீகத்தைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஹெலிகாப்டர் சிறகுகளின் வளைவை எண்களைக் கொண்டு வெட்டும் எண்ணம் அமெரிக்கராகிய ஜான் பார்சன்ஸுக்குத் தோன்றிற்று. அதன் வழிவந்த முதல் யந்திரத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினர். அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் இருந்தன. அந்தக் குழல்களின் வேலையை இன்று தபால் தலையளவுள்ள ஒரு சில்லு செய்துவிடுகிறது. ஜி.ஆர்.பி.எல். என்னும் கட்டுப்பாட்டு நிரல் 2009ஆம் ஆண்டில் எவரும் இலவசமாக எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது. அர்டுயினோ என்னும் மலிவான பலகையில் அது இயங்கும். சிறு யந்திரங்கள் மலிந்ததற்கு இதுவே முக்கிய காரணம். இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. மலிந்தது யந்திரத்தின் மூளை மட்டுமே. இரும்பு, தண்டவாளம், திருகாணி, சுழல் மோட்டார் ஆகியவை அவ்வளவாக மலியவில்லை. ஆகவே விலை குறைந்த யந்திரத்தில் மூளை நன்றாகவே இருக்கும். குறைபாடு உடலிற்றான் இருக்கும்.

மிகுதியாக விற்கப்படுவது 3018 என்னும் வகை. பெயரே அளவைச் சொல்கிறது: 30 செ.மீ. நீளமும் 18 செ.மீ. அகலமும் கொண்ட பரப்பிலேயே அது வெட்டும். நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று திசைகளுக்கும் தனித்தனியே ஒரு ஸ்டெப்பர் மோட்டார் உண்டு. இவ்வகை மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாகப் பிரித்து நடக்கும். மோட்டாரோடு இணைந்த திருகாணி ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்துமாயின், ஓர் அடிக்கு 0.02 மி.மீ. நகர்வு கிடைக்கும். மின்சாரத்தால் அந்த அடியை மேலும் பகுப்பதும் உண்டு. விற்பனைத் தாளில் காணும் "துல்லியம் 0.01 மி.மீ." என்பது இவ்வாறு கணக்கிட்டுப் பெற்றதே. அது அளவுகோலில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் கூறுமேயன்றி, அளவுகோல் வளைகிறதா என்பதைக் கூறாது.

உண்மையில் அது வளைகிறது. மரத்தை வெட்டும் பிட்டின்மீது எதிர்விசை உண்டாகிறது. அவ்விசை பிட்டை மட்டுமன்றி அதைத் தாங்கும் சட்டத்தையும் வளைக்கும். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு அதன் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப அதிகரிக்கும் என்பதை மேல்வகுப்பு மாணவர்களும் அறிவர். பிட்டை இருமடங்கு வெளியே நீட்டிப் பிடித்தால் வளைவு எட்டு மடங்காகும். விட்டத்தின் வகையிலோ நான்மடி விதி: 6 மி.மீ. பிட்டுக்குப் பதிலாக 3 மி.மீ. பிட்டை அதே நீளத்தில் மாட்டினால் வளைவு பதினாறு மடங்காகும். இருபுறமும் தாங்கப்பட்ட குறுக்குச் சட்டமும் மும்மடி விதிக்கு உட்பட்டதே.

இங்கேதான் வாங்குவோர் பெரிதும் ஏமாறுகின்றனர். 3018 சிறிதாக இருக்கிறதே என்று, அதே மோட்டாரையும் அதே பருமனுள்ள அலுமினியச் சட்டத்தையும் வைத்து நீள அகலத்தை மட்டும் கூட்டிய யந்திரத்தை இன்னும் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகின்றனர். சட்டத்தின் நீளம் 30 செ.மீ. என்பதிலிருந்து 60 செ.மீ. ஆகும்போது அதே விசைக்கு அது எட்டு மடங்கு வளையும். பரப்பு பெருகிய அளவுக்கு உறுதி குறைந்துவிடுகிறது. சிறு யந்திரம் தன் சிறுமைக்குள் ஒழுங்காக வேலை செய்யும். பெரிய யந்திரம் தன் எடையினால் வேலை செய்யும். இடையிலுள்ள இந்த நீட்டப்பட்ட சிறு யந்திரத்தை எவருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உறுதியின்மை வேகத்தையும் பாதிக்கும். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீவலை எடுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 10,000 சுற்று, இரண்டு பற்கள், பல்லொன்றுக்கு 0.05 மி.மீ. சீவல் என்று கொண்டால், பிட் நிமிஷத்துக்கு 1,000 மி.மீ. நகர வேண்டும். சிறு யந்திரத்தின் சுழல் மோட்டாரும் சட்டமும் தேக்கிலோ ஷீஷத்திலோ, சற்று ஆழமான வெட்டில், இவ்வேகத்தைத் தாங்கமாட்டா. ஆகவே இயக்குபவர் வேகத்தைக் குறைக்கிறார். குறைத்ததும் பல் மரத்தைச் சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்குகிறது. மரம் கருகுகிறது, பிட் மழுங்குகிறது. இதற்குப் பரிகாரம் வேகத்தை மேலும் குறைப்பதன்று. ஒரு தடவைக்கு வெட்டும் ஆழத்தைக் குறைத்து, நகர்வை இயன்றவரை விடாமல் வைத்துக்கொள்வதே பரிகாரம். மெல்லிய படலங்களாக எடுப்பதால் நேரம் கூடும்.

எவ்வளவு நேரம் என்பதையும் கணக்கிட்டே பார்ப்போம். 15 செ.மீ. சதுரப் பலகையில் மேடுபள்ளமுள்ள பூவேலை ஒன்றைச் செதுக்க வேண்டும். இறுதி வெட்டில் 2 மி.மீ. உருண்டைமுனைப் பிட் 0.2 மி.மீ. இடைவெளியில் கோடு கோடாகச் செல்கிறது. 150 மி.மீ. அகலத்துக்கு 750 கோடுகள். ஒவ்வொன்றும் 150 மி.மீ. நீளம், ஆக 112.5 மீட்டர் பயணம். நிமிஷத்துக்கு 600 மி.மீ. வேகத்தில் இதற்கு 3 மணி 7 நிமிஷம் பிடிக்கும். முதலில் செய்யும் முரட்டு வெட்டு இதில் சேரவில்லை. பயிற்சியுள்ள கைவினைஞர் ஒருவர் இதே நேரத்தில் இதைவிடப் பெரிய வேலையை முடித்திருக்கக்கூடும். 60 செ.மீ. சதுரமுள்ள கதவுப் பலகைக்கு இதே கணக்கைப் போட்டால் 1,800 மீட்டர் பயணமும் 50 மணி நேரமும் வரும். உறுதியான பெரிய யந்திரமோ 6 மி.மீ. பிட்டை 0.6 மி.மீ. இடைவெளியில் நிமிஷத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் ஓட்டி இவ்வேலையை 3 மணி 20 நிமிஷத்தில் முடித்துவிடும். நுண்மை சற்றுக் குறையும், அவ்வளவே. சிறு யந்திரத்தை வாங்கிய குடும்பம், சந்தையில் அந்தப் பெரிய யந்திரத்தோடு போட்டியிட வேண்டியிருக்கும். நான் "வேண்டாம்" என்பதற்கு முதற் காரணம் இது.

இரண்டாவது காரணம் வேலையின் இயல்பைப் பற்றியது. நம் நாட்டு மரக்கைத்தொழில்கள் யாவும் செதுக்கல் என்ற ஒரே சொல்லில் அடங்குவன அல்ல. கர்நாடகத்துச் சன்னபட்ணத்தில் பொம்மைகளை வெட்பாலை மரத்தில் கடைந்து, சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குச் சாயம் ஏற்றுகின்றனர். குஜராத்தின் சங்கேடாவில் நாற்காலிக் கால்களும் கடைசல் வேலையே. தட்டையான மேசையுள்ள செதுக்கு யந்திரத்துக்கு அங்கே வேலையில்லை. ஆந்திரத்துக் கொண்டபள்ளியில் மென்மரத்தில் தலை, கை, உடல் ஆகியவற்றைத் தனித்தனியே செதுக்கி ஒட்டுகின்றனர். எல்லாப் பக்கமும் உருண்ட வடிவம் வேண்டும். மேலிருந்து மட்டும் வெட்டும் யந்திரத்தில் துண்டை இரண்டு முறையாவது புரட்டிப் பிடிக்க வேண்டும். புரட்டும்போது நேர்த்தி தவறினால் முகம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

செதுக்கலுக்கே உரிய தொழிலென்று தோன்றும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். காந்திநகருக்கு அருகிலுள்ள பேத்தாப்பூரில் துணிக்குச் சாயம் அச்சிடும் கட்டைகளைத் தேக்கில் வெட்டுகின்றனர். கோடுகளும் புள்ளிகளும் திரும்பத் திரும்ப வரும் தட்டையான வேலை. யந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறெது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. சுழலும் பிட் வட்டமானது. ஆதலால் உட்புற மூலை எதையும் அது கூர்மையாக வெட்ட இயலாது. 1 மி.மீ. பிட் அரை மி.மீ. ஆரமுள்ள வளைவை மூலையில் விட்டே செல்லும். இலைநுனிகள் சந்திக்கும் இடங்களில் இது மழுங்கலாகத் தெரியும். இதைத் தவிர்க்க ஆங்கில "வி" எழுத்து வடிவமுள்ள பிட்டைப் பயன்படுத்துவர். அது மூலைக்குள் மெல்ல மேலெழுந்து கூர்மையான முனையை வெட்டும். ஆயினும் 60 பாகையுள்ள அந்தப் பிட் 2 மி.மீ. இடைவெளிக்குள் சுமார் 1.7 மி.மீ. ஆழத்துக்குமேல் இறங்க முடியாது. பள்ளம் ஆழமில்லாவிடில் சாயக் குழம்பு அடைத்துக்கொண்டு துணியில் அப்பும். மேலும் கோட்டின் சுவர்கள் இருபுறமும் சரிந்திருப்பதால், கட்டையின் முகம் தேயத் தேயக் கோடு தடிக்கும், 1 மி.மீ. தேய்ந்தால் ஒரு மி.மீட்டருக்குமேல் தடித்துவிடும். செங்குத்தாகவே இறங்கவல்லது சிற்றுளி. ஆகவே இங்கு யந்திரத்தின் தகுதியான பங்கு, கோடுகளுக்கு இடையிலுள்ள அகன்ற வெற்றிடங்களை அகற்றித் தருவதே. மூலைகளையும் நுண்கோடுகளையும் கை முடிக்க வேண்டும். இப்படிப் பங்கிட்டால் கைவினைஞரின் மணிக்கட்டுக்கு ஓய்வு கிடைக்கும். அவருடைய கூலியும் போகாது.

இந்தப் பங்கீட்டுக்காக யந்திரத்தைச் சொந்தமாக வாங்கித்தான் தீர வேண்டுமென்பதில்லை. ஷீஷம் செதுக்கலுக்குப் பெயர்போன சஹாரன்பூர் போன்ற இடங்களில் பெரிய ரவுட்டர்கள் வந்துவிட்டன; பலகையைக் கொடுத்துக் கூலிக்கு வெட்டி வாங்கலாம். சிறு தொழில் அமைச்சகத்தின் கீழ் லூதியானா, அகமதாபாத், இந்தூர் முதலிய இடங்களில் டூல் ரூம்கள் உள்ளன. பூனாவுக்கு அருகே பாபலில், டாக்டர் கல்பாக் 1983இல் நிறுவிய விஞ்ஞான ஆசிரமத்தில் 2002 முதல் ஃபேப் லேப் எனப்படும் பொதுப் பட்டறை உண்டு. உலகின் தொடக்ககால ஃபேப் லேப்களுள் அதுவும் ஒன்று. ஒரு குழு முதலில் ஆறு மாத காலம் இப்படிக் கூலிக்கு வெட்டிப் பார்க்கட்டும். மாதந்தோறும் எத்தனை மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுத்தோமென்ற குறிப்பை வைத்துக்கொண்டால், யந்திரம் வேண்டுமா, என்ன அளவில் வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும். அத்தொகை பெரிதாக இருந்தால் பல குடும்பங்கள் கூடி, கடன் பெற்றேனும், பல லட்சம் விலையுள்ள உறுதியான யந்திரத்தை வாங்குவதே முறை.

ஒரு விஷயத்தை மட்டும் களப்பணியாளர் அழுத்திச் சொல்ல வேண்டும். கூலிக்கு வெட்டக் கொடுக்கும்போது வடிவத்தின் கோப்பும் பிறர் கைக்குப் போகிறது. தலைமுறைகளாக வந்த கொடிவேலை ஒருமுறை எண்களாகிவிட்டால், அதை ஆயிரம் முறை வெட்டுவது எவருக்கும் எளிது. வரைபடத்தைக் கணினியில் அமைக்கும் திறமையைக் குழுவின் இளைஞர் ஒருவரேனும் கற்று, கோப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்வது, யந்திரம் வாங்குவதைக் காட்டிலும் அவசரமான காரியம். இன்க்ஸ்கேப், ஃப்ரீகேட் போன்ற இலவச நிரல்கள் இதற்குப் போதும்.

இனிப் பள்ளியின் நிலை. அங்கே நேரம் விரயமாவது நஷ்டமன்று. ஒரு வகையில் அதுவே பாடம். ஜி-கோடு என்னும் கட்டளை மொழியில் ஒரு வரி எழுதினால் பிட் குறிப்பிட்ட புள்ளிக்கு நேர்கோட்டில் செல்கிறது. கரும்பலகையில் உயிரற்றிருந்த ஆயத்தொலைவுகள் மரத்தில் பள்ளமாகப் பதிகின்றன. கழித்தற் குறியை மறந்த மாணவன், பிட் எதிர்த்திசையில் ஓடுவதைக் கண்ணாலேயே காண்கிறான். பல்லொன்றுக்குச் சீவல் என்னும் கணக்கு, வளைவின் மும்மடி விதி, திருகாணியின் புரி இடைவெளி ஆகிய யாவும் ஒரே மேசையில் விளங்கும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குப் புத்தகப் பையின்றி 10 நாட்கள் உள்ளூர்த் தொழிலாளரிடம் கற்கும் ஏற்பாட்டைக் கூறுகிறது. அந்நாட்களில் உள்ளூர்த் தச்சரைப் பள்ளிக்கு அழைத்து, அவர் உளியால் வெட்டிய மூலையையும் யந்திரம் வெட்டிய மூலையையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியர், நூறு பக்கத்தில் அடங்காததைச் சொல்லிவிடுவார்.

எனினும் 50,000 ரூபாய் உள்ள பள்ளி யந்திரத்துக்கு 25,000 ரூபாய்க்குமேல் செலவிடலாகாது. 2016ஆம் ஆண்டில் தோன்றிய அடல் புத்தாக்க இயக்கத்தின் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், பள்ளிக்குரிய 20 லட்ச ரூபாயில் 10 லட்சம் நிறுவுவதற்கும், 10 லட்சம் ஐந்தாண்டு நடைமுறைச் செலவுக்கும் என வகுத்தனர். சிறு தொகைக்கும் அந்தப் பாதிப் பங்கீடு பொருந்தும். பிட்டுகள் உடையும், தொடக்கத்தில் மாணவர் கையில் மிக விரைவாகவே உடையும். அடிப்பலகை தேய்ந்து மாற்ற வேண்டிவரும். கிளாம்புகள், அளவுக் காலிப்பர், மரம், தூசு உறிஞ்சி ஆகியவையும் வேண்டும். மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் யு.பி.எஸ். இன்றியமையாதது, ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே இருக்கிறோமென்று அறியும் கண் கிடையாது. மின்சாரம் ஒரு கணம் நின்றால் கணக்கு தவறிப்போகும். மூன்று மணி நேர வேலை பாழாகும்.

தூசியைப் பற்றி விற்பவர் ஒருவரும் பேசுவதில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென ஐயமறத் தெரிந்த பொருள்களின் வரிசையில் 1995ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. செதுக்கு யந்திரம் தருவது ரம்பத்தூளைவிட மெல்லிய பொடி, எம்.டி.எஃப். பலகையில் பசையும் கலந்திருக்கும். மூடிய பெட்டியும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் வகுப்பறையில் இதை ஓட்ட அனுமதிக்கவே கூடாது. கண்ணாடி அணிய வேண்டும். கையுறை அணியலாகாது, சுழலும் பிட் அதைப் பற்றிக்கொள்ளும். துப்பட்டா, பின்னல், தளர்ந்த சட்டைக் கை ஆகியவற்றை முடிந்து கட்டிய பிறகே எவரும் அருகில் வரலாம். சில யந்திரங்களோடு லேசர் முனையொன்றை இலவசம் போலச் சேர்த்துத் தருகின்றனர். திறந்த நீல லேசர் நொடிப்பொழுதில் விழித்திரையைக் கெடுக்கவல்லது. பள்ளி அதை வாங்காதிருப்பதே நலம். வந்துவிட்டால் அலமாரியில் பூட்டி வைக்க.

வாங்கத் துணிந்த பின்பு, விலைப்புள்ளி கோரும் தாளில் "சி.என்.சி. யந்திரம் ஒன்று" என்று மட்டும் எழுதினால் மிகக் குறைந்த விலைக்காரரின் மிக மெலிந்த யந்திரமே வந்து சேரும். வெட்டும் பரப்பு, சுழல் மோட்டாரின் வாட் அளவு, பிட்டைப் பிடிக்கும் கோலட்டின் வகை, மூன்று திசைகளிலும் எல்லைச் சுவிட்சுகள், அவசர நிறுத்தப் பொத்தான், மூடும் பெட்டி, உதிரிப் பாகங்கள் நம் நாட்டிலேயே கிடைக்கும் உறுதி ஆகியவற்றை எழுதியே கேட்க வேண்டும். யந்திரம் பாகங்களாக வருமாயின், அதைப் பூட்டிச் சரிசெய்து தரும் பொறுப்பு யாருடையதென்பதையும் எழுதிவிடுக. யந்திரத்துக்குப் பெயர் குறித்த ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். மாற்றலாகிச் செல்லக்கூடியவர் ஒருவரை மட்டும் நம்பினால், அவர் சென்ற மறுநாளே யந்திரம் உறைக்குள் போய்விடும். இருவருக்குப் பயிற்சி அளிப்பது உசிதம்.

யந்திரம் வந்த அன்று செய்யத்தக்க சோதனை எளியது. விற்பவர் கொண்டுவரும் மென்மரத் துண்டை ஒதுக்கிவிட்டு, நம் ஊரில் கிடைக்கும் மரத்தையே பூட்டச் சொல்க. 100 மி.மீ. சதுரமொன்றை 5 மி.மீ. ஆழத்துக்கு வெட்டச் செய்து நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் காலிப்பரால் அளக்கவும். மூலைவிட்டம் ஒவ்வொன்றும் 141.4 மி.மீ. வர வேண்டும். இரண்டும் தம்முள் வேறுபட்டால் சட்டம் கோணலாகப் பூட்டப்பட்டுள்ளது. பக்கங்கள் ஒரே அளவில் குறைந்தோ கூடியோ இருந்தால் அமைப்பெண்ணைத் திருத்தினால் போதும். பின்னர் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, தொடங்கிய புள்ளிக்குத் திரும்பச் செய்து, பிட்டின் முனை பழைய குழியிலேயே விழுகிறதா என்று பார்க்கவும். அளவுகளைத் தாளில் குறித்து, இரு தரப்பாரும் கையொப்பமிட்டுக் கோப்பில் சேர்த்த பிறகு பட்டியலுக்குப் பணம் வழங்கலாம்.